பாத்ரூம் போகிற வழியில் ஒரு போல்ட்

எனக்குத் தெரிந்த வேலை எனக்குத் தெரியும் என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும் என மில் ஆபீசில் சொன்னபோது முதலில் சிரித்தவன் நான்தான். கூட நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களிடம் காகிதம் இருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ரிங் ஃபிரேம் பகுதிக்கு நான் தலைமை ஃபிட்டர். ரிங் ஃபிரேம் என்றால் பஞ்சுத் திரியை முறுக்கி நூலாக்குகிற நீளமான மெஷின். இந்தக் கோடியில் நின்று பார்த்தால் அந்தக் கோடியில் நிற்கிறவனின் முகம் தெரியாது, சட்டைக் கலர்தான் தெரியும். பதினெட்டு வயதில், கீழே விழுந்த பஞ்சைக் கூட்டி அள்ளுகிறவனாக உள்ளே போனேன். கூட்டக் கூட்ட மெஷின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இருபத்தேழு வருஷம் விழுந்ததில் எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்பது எனக்கே தெரியாமல் எனக்குத் தெரிந்துபோனது. படிப்பு என்று கேட்டால் பத்தாங்கிளாஸ். அதிலும் கணக்கும் நானும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டோம்.

இந்த வருஷம் எங்கள் நூலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று புதிதாக ஒரு நிபந்தனை போட்டது. மெஷினைப் பழுது பார்க்கிற ஒவ்வொருவரிடமும் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டுமாம். எங்கோ குளிர் தேசத்தில் ஒருவன் குளித்துவிட்டுத் துவட்டுகிற துண்டுக்கு, அதை நூற்ற மெஷினைத் திறந்தவன் என்ன படித்தான் என்பது ஏன் தெரிய வேண்டும் என்று கேட்டேன். ஆபீஸ் ஸார் பதிலுக்கு ஒரு செய்தி சொன்னார்.

"ரெண்டு மாசத்துல தணிக்கைக்கு ஆள் வருது. அதுக்குள்ள உங்க கையில ஒரு சான்றிதழ் இருக்கணும்ணே. இல்லேன்னா உங்களை ஹெல்பரா மாத்திட்டு, சான்றிதழ் உள்ள ஆளத் தலைமை ஃபிட்டராப் போட வேண்டியிருக்கும்."

"அதுல யாரப் போடுவீக?"

"உங்க மச்சினன்தான்."

என் மனைவியின் தம்பி. முப்பத்தாறு வயது, தங்கமான ஆள், என் கீழே வேலை பார்க்கிறவன். ஐ.டி.ஐ. முடித்த சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் சாமி படங்களோடு வரிசையாக மாட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் என் மாமியார் சாமிக்குப் போடுகிற பூவில் ஒரு துண்டை அதற்கும் கிள்ளிப் போடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவனுக்கு நான் ஹெல்பர். அவன் கை நீட்டினால் நான் ஸ்பேனரை எடுத்து வைக்க வேண்டும். பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போனால் யார் முதலில் இலையில் உட்காருவது? எனக்கு அப்போதே வயிறு கலங்க ஆரம்பித்தது. இந்தக் கதையில் என் வயிற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பின்னால் வரும்.

ஆபீஸ் ஸாரே வழியும் சொன்னார். வேலை செய்தே கற்றுக்கொண்டவர்களுக்கு, படிக்கச் சொல்லாமல், தெரிந்ததைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க ஒரு திட்டம் இருக்கிறதாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஒரே நாள் தேர்வு. "புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாம்ணே. உங்களுக்குத் தெரிஞ்சதத்தான் கேப்பாங்க."

அதுதான் பயமே. தெரியாத பாடத்தில் தோற்றால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்த வேலையில் தோற்றால் இருபத்தேழு வருஷமாக நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன்?

விண்ணப்பத்தில் "தாங்கள் அறிந்த வேலைகள்" என்று நான்கு வரி விட்டிருந்தார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரியும் வரவில்லை. மெஷின் ஓடாவிட்டால் ஓட வைப்பேன் என்று எழுதினால் பிள்ளைகள் கட்டுரை மாதிரி இருந்தது.

"காதால பாப்பேன்னு எழுதுங்க" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"காதால யாராவது பாப்பாகளா?"

"நீங்க பாக்குதீகளே. பக்கத்து வீட்டு மோட்டாருக்கு வயித்தால போகுதுன்னு பாய்ல படுத்துக்கிட்டே சொன்னீகள்ல? ஆனா நம்ம மிக்ஸிய மட்டும் எழுதீராதீக. நீங்க கை வச்ச பொறவுதான் அது செத்துச்சு."

கடைசியில் "ரிங் ஃபிரேம் பராமரிப்பு, எல்லாம்" என்று எழுதி, மீதி மூன்று வரியில் கோடு போட்டேன். தேர்வுக்கு முந்தின நாள், அய்யனார் கோயில் இருக்கிற மேற்கு மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். அய்யனாரே, பாஸாகிவிட்டால் உன் கோயிலுக்கு வந்து மொட்டை போடுகிறேன். நாற்பத்தைந்து வயதில் எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே அழகு அந்த முடி. அதையே கொடுக்கத் துணிந்தேன் என்றால் பயத்தின் அளவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வு நாளில் மனைவி வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"மெஷின் வேலைக்கு யாராச்சும் வெள்ளச் சட்டை போடுவாகளா?"

"பரீட்சைக்குப் போறீக, பஞ்சு அள்ளவா போறீக? பாஸானா பால்கோவா வாங்கிட்டு வாங்க."

"ஃபெயிலானா?"

"ஃபெயிலானாலும் வாங்கிட்டு வாங்க. அம்புட்டுத் தூரம் போயிட்டுச் சும்மா வருவீகளா?"

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரப் பயணம். கூட வந்தவர் என் தெருக்காரர், வேறொரு மில்லில் ஃபிட்டர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பஸ்ஸில் நான் காலை ஆட்டிய ஆட்டத்தில் முன் ஸீட்டே ஆடியது. அவர் என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஏமி காதுப்பா, ஒண்ணும் ஆகாது" என்றார். கோபுரம் கண்ணில் பட்டதும் அவரும் காலை ஆட்ட ஆரம்பித்தார்.

முதல் அடி வாசலிலேயே விழுந்தது. விரலை வைத்து வருகைப் பதிவு செய்ய வேண்டும். என் விரலை அந்தப் பெட்டி ஏற்கவில்லை. கிரீஸும் இரும்பும் சேர்ந்து கைரேகையைத் தேய்த்துத் தின்றுவிட்டிருந்தன. பத்து விரலையும் வைத்தேன். நான் நானில்லை என்று ஒன்பது தடவை சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த வேலையைச் செய்தேன் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது, ஆனால் அந்தச் சாட்சியே என்னை உள்ளே விட மறுத்தது. கடைசியில் இடது சுண்டு விரல் மட்டும் என்னைத் தெரியும் என்று ஒப்புக்கொண்டது. ஒரு வேலையும் செய்யாத விரல் அது. பிறகு போட்டோ எடுத்தார்கள். முடியைச் சீவி, மீசையை முறுக்கி நின்றேன். கண் மட்டும் திருடனைப் போல விழுந்தது.

காலையில் எழுத்துத் தேர்வு. ஒரு டேப்லட்டில் கேள்வியும் நான்கு பதிலும் வரும், சரியானதைத் தொட வேண்டும். தரையில் எண்ணெய் சிந்தினால் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. சிந்தியவனை ஏசுவேன் என்ற பதில் நான்கிலும் இல்லை. தத்தித் தடுமாறி முடித்தேன். அடுத்தது செய்முறை. அதற்கு அரை மணி இடைவேளை.

இந்த இடத்தில்தான் என் வயிறு வருகிறது.

பாத்ரூம் கட்டிடத்தின் பின்கோடியில் இருந்தது. அங்கே போக வேண்டுமானால் செய்முறைக் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கூடத்தின் நடுவில் ஏதோ ஒரு மில் கழித்துக்கட்டிய பழைய ரிங் ஃபிரேம், வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவை போனபோது 'சொத், சொத்' என்று ஒரு சத்தம். இரண்டாம் தடவை போனபோதும் அதே 'சொத், சொத்'. கழுத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை போனபோது மெஷின் நின்றிருந்தது, ஓட்டுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் பாத்ரூம் அவசரத்தில் இருந்தேன். மனசெல்லாம் மச்சினன், மாமியார், வாழை இலை. நடந்த நடையில் குனிந்தேன், பின் பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன், ஒரு போல்ட்டை முக்கால் திருப்பு இறுக்கினேன், ஸ்பேனரைச் செருகிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன். அவ்வளவுதான். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றியதை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா? எனக்கும் அது ஞாபகத்தில் ஏறவில்லை. மற்றவர்கள் சீப்பு வைக்கிற இடத்தில் நான் ஸ்பேனர் வைத்திருக்கிறேன் என்பதே அன்றைக்கு மறந்துபோயிருந்தது.

செய்முறைத் தேர்வை நடத்த வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். திட்டும்போதுகூட 'ங்க' சேர்த்துத்தான் திட்டுவார் போலிருந்தது. தேர்வுக்கு வந்திருந்த எங்கள் ஏழு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"இந்த மெஷின்ல நானே ஒரு குறை பண்ணி வெச்சிருக்கறனுங்க. ஒவ்வொருத்தரா உள்ள வந்து, பத்து நிமிஷத்துல அது என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லோணுமுங்க."

முதலில் போனவர் மெஷினுக்கு எர்த் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டாமவர் எண்ணெய் பழசு என்றாராம். என் தெருக்காரர் பத்து நிமிஷமும் மெஷினைச் சுற்றிவந்து, வோல்டேஜ் சரியில்லை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கே சரியில்லை என்று சொல்லிவிட்டு வியர்வையோடு வெளியே வந்தார்.

நான் ஐந்தாவது. உள்ளே போனதும் ஸ்குரூடிரைவரின் முனையை மெஷின் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்தேன். நாங்கள் கேட்கிற முறை அதுதான். டாக்டருக்குக் குழாய், எங்களுக்கு ஸ்குரூடிரைவர். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கேட்டேன். மெஷின் தூங்குகிற குழந்தை மாதிரி மூச்சுவிட்டது. திரும்பவும் கேட்டேன். ஒன்றுமே இல்லை.

எனக்கு வேர்த்துக்கொட்டியது. குறை இருக்கிறது என்கிறார், எனக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் காது போய்விட்டது. இன்றைக்கென்று பார்த்தா போக வேண்டும்? இந்தக் காதை வைத்துத்தான் கல்யாணம் பண்ணினேன், வீடு கட்டினேன். காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடக்கிப் பார்த்தேன். சொடக்கு கேட்டது.

"என்னங்க பண்றீங்க?"

"காது இருக்கான்னு பாக்கேன் ஸார்."

"டைம் ஆச்சுங்க. என்ன குறை?"

எதையாவது அடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எர்த், எண்ணெய், வோல்டேஜ் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. "இதுல ஒரு குறையும் இல்ல ஸார்" என்று வந்துவிட்டது.

அவர் வருத்தத்தோடு டேப்லட்டில் எதையோ தொட்டார். மச்சினன் கை நீட்டி ஸ்பேனர் கேட்பது என் கண் முன்னால் தெரிந்தது.

ஏழு பேரும் தோற்ற பிறகு அவருக்கே ஆத்திரம் வந்தது. "இத்தன வருஷ அனுபவம்னு எழுதியிருக்கறீங்க, ஒருத்தருக்குமே தெரியலீங்களா? வாங்க, காட்டறன்." மெஷினை நிறுத்திவிட்டு அதன் ஐந்தாவது பகுதிக்குக் கீழே குனிந்தார். "நாலு ஸ்பிண்டிலச் சுத்த வைக்கிற டேப்புப் பட்டைய இறுக்கிப் பிடிக்கற சின்னச் சக்கரம் இருக்குதுங்களா? அதோட போல்ட்ட நான் முக்கால் திருப்பு லூசு பண்ணி..."

கையை வைத்தவர் நிறுத்திவிட்டார். திருகிப் பார்த்தார். அசையவில்லை. முழங்காலிலேயே உட்கார்ந்து எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை யாருங்க தொட்டது?"

என் தெருக்காரர் என் சட்டையையே பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டையின் வலது கை மடிப்பில், மனைவி துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுக் கொடுத்த இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்குக் கிரீஸ்.

"ஏலே, நீயா?" என்றார் தெருக்காரர். "எங்க வயித்துல அடிச்சிட்டியேலே!"

"பாத்ரூம் போற வழியில ஸார்" என்றேன். "சத்தம் வந்துச்சு. மனசு கேக்கல."

மற்ற ஐந்து பேரும் ஒரே குரலில் என்னை ஏசினார்கள். தேர்வு வைத்தவர் ஏசவில்லை. டேப்லட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் குறையைக் கண்டுபிடித்தார், கண்டுபிடிக்கவில்லை, முறைகேடு செய்தார் என்று மூன்றுதான் இருந்தன. தேர்வு ஆரம்பிக்கும் முன்பே கண்டுபிடித்துச் சரியும் செய்துவிட்டு, பிறகு வந்து கண்டுபிடிக்க முடியாமல் தோற்றார் என்பதற்கு இடமில்லை. எத்தனை நிமிஷத்தில் என்ற கட்டத்தில் மைனஸ் இருபது என்று போட்டுப் பார்த்தார். டேப்லட் ஏற்கவில்லை.

"முறைகேடுன்னு போட்டா ஒரு வருஷத்துக்குத் தேர்வே எழுத முடியாதுங்க" என்றார் மெதுவாக.

"ஸார், ஹெல்பராப் போட்டுருவாக ஸார். மச்சினனுக்கு ஸார்."

அவருக்கும் ஒரு மச்சினன் இருந்திருக்க வேண்டும். பிறகு எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து தேர்வு என்றார். எங்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு புதிதாக ஒரு குறையைப் பண்ணினார். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

எனக்கு மறுபடி பாத்ரூம் வந்தது.

கதவைத் தட்டிச் சொன்னேன். அவர் பயந்துபோனார். "நீங்க மட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாதுங்க!" வேறு பாத்ரூம் இல்லை. செத்த நேரம் பொறுக்கச் சொன்னார். பொறுக்க முடியாது என்று என் முகமே சொல்லியிருக்கும். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார்கள். தெருக்காரர் தன் துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டி, இரண்டு கையையும் பின்னால் பிடித்துக்கொண்டு, கைதியைக் கூட்டிப்போகிற மாதிரி மெஷின் ஓரமாக நடத்திக் கூட்டிப்போனார். பால்கோவா ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை அது.

பாதித் தூரம் போனதும் கால் தானாக நின்றது.

"நடலே" என்றார் தெருக்காரர்.

"இருங்க. ஸார், பாபின் ஒண்ணு கோணல். தலைய ஆட்டிக்கிட்டே சுத்துது. இந்தா, என் வலப்பக்கம், கோடியிலருந்து ஏழாவதோ எட்டாவதோ. சீக்கிரம் எழுதிக்கிடுங்க ஸார், முட்டுது!"

மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் டேப்லட்டில் விரல் படுகிற 'டொக்' கேட்டது. காது நன்றாகத்தான் இருந்தது.

"எட்டாவதுங்க" என்றார் அவர். "போயிட்டு வாங்க."

மற்றவர்களுக்கு அவர் மூன்றாவதாக ஒரு குறையைப் பண்ண வேண்டியதாயிற்று. அது வரைக்கும் என்னைத் தெருவில் நிற்க வைத்தார்கள். தெருக்காரரும் பாஸ். ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் என்னோடு பேசவில்லை, என் பால்கோவாவை மட்டும் வாங்கித் தின்றார்.

சான்றிதழ் போனில் வந்தது. மனைவி அதை அச்செடுத்து, லேமினேஷன் போட்டுக் கொடுத்துவிட்டு வாய் ஓயாமல் கிரீஸ் சட்டையைப் பற்றிப் பேசினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைக்காக அய்யனார் கோவிலுக்குப் போனோம். அங்கே முடி எடுக்கிறவர் முன்னால் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். பாதித் தலை ஏற்கெனவே போயிருந்தது. மீதிப் பாதியை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

"ஏலே மாப்ளே! யாருக்கு என்னாச்சு?"

மச்சினன் அசையாமல் கண்ணை மட்டும் உயர்த்தினான். "உங்களுக்குத்தான் மாமா. நீங்க பாஸானா மொட்டைன்னு வேண்டியிருந்தேன்."

"எனக்காகவா?"

"எனக்காகத்தான். நீங்க ஃபெயிலாயிருந்தா நாளைக்கு நான்ல அந்த மெஷினுகிட்டப் போயிக் காத வைக்கணும்? எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாக் கேக்கு. சான்றிதழ் இருக்கு மாமா, அதுக்குக் காது இல்லியே."

இரண்டு மாதமாக நான் அவனைப் பார்த்துப் பயந்தேன், அவன் என்னைப் பார்த்துப் பயந்தான். இடையில் என் மாமியார் மட்டும் நிம்மதியாகப் பூ போட்டுக்கொண்டிருந்தார். அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். மீசையையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன், அவனும் மீசையைக் கொடுத்தான். அய்யனாருக்குக் குறை வைக்கக் கூடாது என்று ஒரு எண்ணம்.

மறுநாள் திங்கட்கிழமை தணிக்கைக்கு ஆள் வந்துவிட்டார். இங்கிலீஷ்தான் பேசினார். என் சான்றிதழை எடுத்தார். அதிலிருந்த போட்டோவில் சீவிய முடியும் முறுக்கிய மீசையுமாக ஒருவன் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தார். எதிரே மீசையில்லாத இரண்டு மொட்டைகள். ஆபீஸ் ஸார் என் மண்டையைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏண்ணே, இன்னைக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இது நீங்கதான்னு எப்படி நம்புவாரு? ஆள் மாறாட்டம்னு எழுதினா ஹெல்பர்தான்ணே."

சான்றிதழ் கிடைத்ததற்கு நேர்ந்த மொட்டையாலேயே சான்றிதழ் செல்லாமல் போகிற நிலைமை. சுண்டு விரலை வேண்டுமானால் நீட்டலாம் என்றேன். ஆபீஸ் ஸார் அதை மொழிபெயர்க்கவில்லை. தணிக்கைக்காரர் போட்டோவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, இவர்களில் யார் அவர் என்று கேட்டார்.

எனக்கு வயிறு கலங்கியது. "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். எங்கள் மில்லிலும் பாத்ரூம் பின்கோடியில்தான். பதினோராம் நம்பர் மெஷின் நூல் மாற்றுவதற்காக நின்றிருந்தது. காலையிலிருந்தே அது லேசாக இருமிக்கொண்டிருந்த மெஷின். நான் எதையும் யோசிக்கவில்லை.

மச்சினன் சொன்னதை ஆபீஸ் ஸார் இந்தத் தடவை மொழிபெயர்த்ததும், அந்த ஆள் என் பெயருக்கு நேரே சரி என்று டிக் போட்டதும், போடும்போது சிரித்ததும், அதனால் நான் இன்றைக்கும் தலைமை ஃபிட்டராகவே இருப்பதும் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது, மெஷினுக்கடியில் குனிந்திருந்த எனக்குப் பின்னாலிருந்து மச்சினன் ஆபீஸ் ஸாரிடம் சொல்கிற குரல்தான் கேட்டது.

"ஸார், அந்தா ஒரு மொட்டை பாத்ரூமுக்கு ஓடுற அவசரத்துலயும் குனிஞ்சு போல்ட்டு இறுக்குதுல்ல? அவுகதான்."